நீடாயுள் சான்றிதழ்

லேசர் நுண்ணோக்கியை ஏற்றிவந்த லாரியின் ஓட்டுநருக்குத் திண்டிவனத்தில் ஏழு தையல் போட்டார்கள். நடுநாட்டு ஒளியியல் உயராய்வு நிறுவனத்தின் ஆய்வுப் பணி அன்றைக்குத்தான் முறைப்படி தொடங்கியதாக அதன் ஆண்டறிக்கை சொல்கிறது.

நிறுவனத்துக்கு இரண்டு வளாகங்கள். ஒன்று விழுப்புரத்தில், இன்னொன்று திண்டிவனத்தில். கருவி ஒன்றே ஒன்று. அரசாணையில் எந்த ஊருக்கு என்று எழுத மறந்துவிட்டார்கள். லாரி சென்னையிலிருந்து வந்ததால் வழியில் திண்டிவனம் முதலில் வந்தது. அந்த வளாகத்தின் தலைவர் அலெக்ஸ் நாற்பது பேரோடு நெடுஞ்சாலையில் நின்று லாரியை மறித்தார். விஷயம் தெரிந்து விழுப்புரம் வளாகத் தலைவர் பூவரசன் மூன்று வேன்களில் ஆட்களோடு வந்து இறங்கினார். இயற்பியல் துறை கல் எடுத்தது. வேதியியல் துறை சவுக்குக் கட்டை எடுத்தது. நடுவில் நின்று, "யாராச்சும் ஒருத்தர் கையெழுத்துப் போட்டு எறக்கிக்கங்க சார்" என்று கேட்ட ஓட்டுநரின் மண்டையைப் பிளந்தது எந்தத் துறை என்பது இன்றுவரை முடிவாகவில்லை. இரண்டு துறைகளும் அதற்கு உரிமை கோரியிருக்கின்றன.

சாலையோரத்தில் ஆய்வுக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்தபடி மலர்விழி நின்றிருந்தாள். விழுப்புரத்தை அடுத்த கெடார்க்காரி. அவள் அம்மா சின்னபொண்ணு அந்த ஊர்க் கழனிகளில் களை எடுத்தும் கரும்பு வெட்டியும் அவளைப் படிக்கவைத்தவள். மலர்விழி இந்தக் கருவிக்காக ஐந்தரை வருடம் காத்திருந்தாள். ஆராய்ச்சிப் பதிவு ஆறு வருடத்தில் காலாவதியாகிவிடும்.

அவளுடைய ஆராய்ச்சி கரும்பைப் பற்றியது. கரும்பு இலையில் லேசரை ஒரு கணம் அடித்தால், இலை மங்கலான சிவப்பாக ஒளிர்ந்து அணையும். அந்த ஒளிர்வு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அதுதான் அதன் ஆயுள். நொடியை நூறு கோடிக் கூறாகப் போட்டால் ஒரு கூறு நானோநொடி. இலையின் ஒளிர்வுக்கு ஆயுள் அதில் ஒன்றோ அரையோதான். நல்ல இலை வாங்கின வெளிச்சத்தை உடனே சாப்பாடாக்கிக்கொள்ளும். ஒளிர்வு சீக்கிரம் அணையும். செவ்வழுகல் நோய் புகுந்த பயிரின் இலைக்கு அந்தத் தெம்பு இருக்காது; ஒளிர்வு கொஞ்சம் கூடுதலாக நீடிக்கும். கண்ணுக்குப் பச்சைப் பசேலென்று தெரியும்போதே, உள்ளே அழுகல் ஆரம்பித்துவிட்டதை அளந்து சொல்லிவிடலாம் என்பது மலர்விழியின் கணக்கு.

லாரிச் சண்டையை இயக்குநர் வேங்கடேசன் தீர்த்துவைத்தார். எந்த வளாகமும் மனம் நோகக் கூடாது என்பதற்காக அவர் தன் அலுவலகத்தை இரண்டு ஊருக்கும் நடுவே, கூட்டேரிப்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வைத்திருந்தார். அங்கே அவர் ஆற்றிய உரையைச் சுற்றறிக்கையாகவும் அனுப்பினார்கள்.

"விழுப்புரம் எனக்கு ஒரு கண், திண்டிவனம் எனக்கு ஒரு கண். நான் எந்தக் கண்ணாலும் பார்க்க விரும்பவில்லை. ஆகவே ஒளியை உண்டாக்கும் லேசர் திண்டிவனத்துக்கு. ஒளியை வாங்கி எண்ணும் டிடெக்டர் விழுப்புரத்துக்கு. ஒருவர் கொடுக்கிறார், ஒருவர் பெறுகிறார். இதைவிட நல்ல ஒற்றுமை உலகத்தில் ஏது?"

கைதட்டல் முடிந்ததும் மலர்விழி எழுந்தாள். "சார், லேசரும் டிடெக்டரும் ஒரே மேசையில இருக்கணும் சார். அடிச்ச அடுத்த கணமே எண்ணணும்."

"ரெண்டு ஊருக்கும் எவ்ளோ தூரம்மா?"

"நாப்பது கிலோமீட்டர் கிட்ட சார்."

"ஒளி ஒரு நொடிக்கு எவ்ளோ போகும்?"

"மூணு லட்சம் கிலோமீட்டர்."

"மூணு லட்சம் போறது நாப்பது வராதா? அதுக்கு டோல்கேட்டு கூட கிடையாதேம்மா."

அவையில் சிரிப்பு எழுந்தது. மலர்விழி உட்கார்ந்துவிட்டாள். ஒளி வரும்; ஆனால் இலை இங்கேயும் கண் அங்கேயும் இருந்தால் எதை எண்ணுவது என்று அன்று மாலையே ஆறு பக்கக் கடிதம் எழுதினாள். பக்க எண்கள் தமிழ் எண்களில் இல்லை என்ற குறிப்போடு கடிதம் திரும்பி வந்தது.

புதிய ஏற்பாட்டின்படி, இலைக்குத் திண்டிவனத்தில் லேசர் அடிக்க வேண்டும். ஒளியூட்டிய இலையை ஒளி சிந்தாமல் டப்பாவில் மூடி, கறுப்புத் துணி சுற்றி, பேருந்தில் விழுப்புரம் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகும் பொறுப்பு அலுவலக உதவியாளர் சகாயராஜுக்கு வந்தது. ஐம்பத்து நான்கு வயது. இருபது வருடமாகக் கோப்பு தூக்கியவர்.

"அண்ணா, இதுல ஒண்ணும் இருக்காது. டப்பாவ மூடறதுக்குள்ளயே எல்லாம் அணைஞ்சிடும்" என்றாள் மலர்விழி.

"எனக்கும் தெரியுது மேடம். ஆனா உள்ள வெளிச்சம் இருக்குதுன்னு ஆர்டர்ல எழுதியிருக்காங்களே" என்று சொல்லிவிட்டு அவர் பேருந்து ஏறினார்.

விதிப்படி டப்பாவின் மேல், 'லேசர். அபாயம். திறந்தால் பார்வை பறிபோகும்' என்று ஒட்டியிருந்தது. விக்கிரவாண்டி தாண்டும்போது நடத்துநர் அதைப் படித்துவிட்டார்.

"இன்னாய்யா இது?"

"வெளிச்சம்ங்க."

"வெளிச்சமா? தொறந்து காட்டு."

"தொறந்தா போயிடும்ங்க. மேல எடத்து உத்தரவு."

அடுத்து என்ன நடந்தது என்று சகாயராஜுக்குச் சரியாக நினைவில்லை. வெடிகுண்டு என்று யாரோ சொன்னார்கள். வண்டியை ஓரம் கட்டினார்கள். ஐம்பது பேர் அவரைச் சாலையில் போட்டு மிதித்தார்கள். மல்லாட்டைக் கடலை மூட்டையோடு வந்த ஒருவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாக வந்து மிதித்தாராம். முன்பல் இரண்டும் போயின. விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டது. டப்பாவை மட்டும் அவர் வயிற்றுக்கடியில் வைத்துச் சுருண்டு கிடந்தார், திறக்கவிடவில்லை. போலீஸ் வந்து ஆணையைப் படித்துப் பார்த்துக் குழம்பி, அவரை விழுப்புரத்தில் இறக்கிவிட்டது. ரத்தம் ஒழுகிய வாயோடு டப்பாவைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

டிடெக்டரில் வந்த அளவு பூஜ்யம்.

அந்த வாயைப் பார்த்த அன்று மலர்விழிக்குச் சோறு இறங்கவில்லை. இயக்குநர் சகாயராஜுக்குப் பாராட்டுப் பத்திரம் வழங்கினார். இனி ஒளி எடுத்துச் செல்பவர்கள் புறப்படும்போதும் சேரும்போதும் தம் பற்களை எண்ணிக் காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது.

பூஜ்யம் சும்மா இருக்கவில்லை. "திண்டிவனத்துக்காரன் செத்த வெளிச்சத்த அனுப்பிட்டான்" என்று பூவரசன் ஆட்கள் கொதித்தார்கள். அந்த டப்பாவைப் பாடையில் வைத்து, மாலை போட்டு, மேளம் அடித்துக்கொண்டு திண்டிவனம் வளாகத்துக்கே சவ ஊர்வலம் போனார்கள். வாசலில் அலெக்ஸின் ஆட்கள் காத்திருந்தார்கள். பாடை மூங்கிலை உருவியே முதல் அடி விழுந்தது. ஒரு இணைப் பேராசிரியரின் காது பாதி கிழிந்தது. நூலகத்தின் கண்ணாடிகள் எல்லாம் போயின. நான்கு மோட்டார் சைக்கிள்கள் எரிந்து, அவற்றின் புகை பேருந்து நிலையம் வரை தெரிந்தது. பதிலுக்கு மறுநாள் விழுப்புரத்தில் தண்ணீர்த் தொட்டியை உடைத்தார்கள். தொட்டிமேல் நின்று தடுத்த காவலாளி தொட்டியோடு விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார்.

இப்படி நிறுவனம் மும்முரமாக இயங்கிக்கொண்டிருந்தபோது, மதிப்பீடு செய்ய டெல்லியிலிருந்து இரண்டு பேர் வரப்போவதாகத் தகவல் வந்தது. அவர்கள் எதிரில் கருவி ஒருமுறையாவது ஓடியாக வேண்டும். மலர்விழியின் பதிவு முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது. அவளுக்கு அந்த ஒரு நாள் போதும்.

பொது இடமான கூட்டேரிப்பட்டு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிக் கருவியைப் பூட்டினார்கள். லேசர் வடக்கு வாசல் வழியாகவும் டிடெக்டர் தெற்கு வாசல் வழியாகவும் ஒரே நிமிடத்தில் உள்ளே வந்தன. ஆளுக்கொரு இலை வேண்டும் என்று இரண்டு தலைவர்களும் அடம்பிடித்தார்கள். திண்டிவனம் சார்பில் ஓலக்கூர் கரும்பு இலை. விழுப்புரம் சார்பில் கெடாரில் லட்சுமியம்மாள் கழனியின் இலை. லட்சுமியம்மாள் நான்கு ஏக்கரில் தானே நின்று பயிர் செய்கிறவள். சின்னபொண்ணு வேலைக்குப் போகிற கழனியும் அதுதான்.

கீழே மூன்று கற்றை ஒயர்களைச் சரிபார்த்து, மேலே கண்ணாடிகளை நேர்படுத்தி, மலர்விழி பொத்தானை அழுத்தினாள். திரையில் புள்ளி புள்ளியாக ஒளித்துகள்கள் வந்து விழுந்தன. புள்ளிகள் சேர்ந்து ஒரு சரிவாக இறங்கின. ஐந்தரை வருடம் காகிதத்தில் மட்டும் வரைந்து பார்த்த சரிவு. ஓலக்கூர் இலை, அரை நானோநொடி. கெடார் இலை, ஒன்றே கால்.

இரண்டாவது முறை அளந்தாள். ஒன்றே கால்தான்.

இயக்குநர் மைக்கை எடுத்தார். "இருவரில் யாருடைய ஆயுள் அதிகம் என்று நீங்களே பாருங்கள். விழுப்புரத்தின் ஆயுள், திண்டிவனத்தைப்போல இரண்டரை மடங்கு. இதை நான் சொல்லவில்லை. ஜெர்மன் கருவி சொல்கிறது."

வெளியே பத்தாயிரம் வாலா வெடித்தது. பூவரசனைத் தோளில் தூக்கினார்கள். அலெக்ஸ் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கெடார் கழனிக்கு அங்கேயே 'நீடாயுள் சான்றிதழ்' அறிவிக்கப்பட்டது. அந்தக் கழனியின் கரும்பையே மாவட்டம் முழுக்க விதைக்கரும்பாக வழங்கலாம் என்று பூவரசன் தோள்மேலிருந்தபடியே முழங்கினார்.

விதைக்கரும்பு என்ற சொல்தான் மலர்விழியை எழுப்பியது. நோய்ப்பட்ட கரும்பிலிருந்து வெட்டிய கரணையை நட்டால் நட்ட கழனியெல்லாம் அழுகும். அவள் போய் மைக்கைப் பிடித்தாள்.

"சார், தப்பா புரிஞ்சிக்கினீங்க. ஆயுள் கூடுனா அது நோய். கெடார் பயிருக்கு உள்ள அழுகல் புடிச்சிருக்குது. அத விதைக்கு எடுக்கக் கூடாது."

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு குரல், "நோயாளி ஊரு" என்றது. அடுத்த குரல் அதையே திரும்பச் சொன்னது. அதற்குள் பூவரசன் தோளிலிருந்து இறங்கிவிட்டார். மைக் நின்ற இரும்புக் கம்பியைப் பிடுங்கி மலர்விழியை அடித்தார். முதல் அடியைத் தடுத்த இடது முன்கை முறிந்தது. இரண்டாவதில் கழுத்துப்பட்டை எலும்பு. தலை மேசை விளிம்பில் மோதியது. கீழே கிடந்தபடி அவள் பார்த்தது எல்லாம் கால்கள். நாற்காலிகள் பறந்தன. சாம்பார் வாளியை ஒருவர் தலையில் இன்னொருவர் கவிழ்த்தார். டிடெக்டரைத் தூக்கி ரசம் கொதித்த அண்டாவில் போட்டார்கள். லேசர் பெட்டியைச் சம்மட்டியால் அடித்தார்கள். முன்பல் இல்லாத சகாயராஜ் குறுக்கே விழுந்து மலர்விழியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வழியில் அவர் முதுகிலும் நாலு விழுந்தது.

டெல்லிக்காரர்கள் இருவரும் மணமேடை நாற்காலிகளுக்குப் பின்னால் படுத்திருந்து, பிறகு பின்வாசல் வழியாகப் போனார்கள். அறிக்கையில், 'துடிப்பான கல்விச் சூழல்' என்று எழுதி உயர்ந்த தரம் கொடுத்தார்கள்.

ஒன்பதாம் நாள் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில், கட்டுப் போட்ட கையோடு மலர்விழி படுத்திருந்தபோது இயக்குநர் வந்தார். பின்னால் சகாயராஜ் அவருடைய பையோடு நின்றார். ஒரு சீப்பு வாழைப்பழம், நாலு ஆப்பிள், நறுக்க ஒரு கத்தி எல்லாம் இயக்குநர் கொண்டுவந்திருந்தார்.

"உன் விஷயத்த ஆட்சிக் குழுவுல வெச்சோம்மா. ஆயுள் கூடுனா நல்லதா கெட்டதான்னு ஓட்டெடுப்பு நடத்துனோம். நல்லதுன்னு பதினாலு பேரு, கெட்டதுன்னு மூணு பேரு. அந்த மூணு பேரும் திண்டிவனம்."

"அது ஓட்டுப் போட்டு முடிவு பண்ற விஷயமா சார்?"

"ஜனநாயக நாடும்மா. ஒருத்தி அளந்து சொன்னா அது ஆணவம். பதினாலு பேரு அளக்காம சொன்னா அது முடிவு." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "'வாய் தவறிச் சொல்லிட்டேன், மேசைல வழுக்கி விழுந்தேன்'னு நீ சொல்றதா எழுதியிருக்குது. ரெண்டே வரி. கையெழுத்துப் போட்டா அடுத்த வாரமே உனக்கு வாய்மொழித் தேர்வு. போடலன்னா பதிவு முடிஞ்சிடும். நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்."

மலர்விழி வலது கையால் பேனாவை வாங்கினாள். அதை மறைத்து என்ன பயன், வாங்கத்தான் செய்தாள். அம்மாவின் கையில் கரும்பின் காய்ந்த சோகை இலை கிழித்த கோடுகள் அவள் நினைவுக்கு வந்தன. முனைவர் மலர்விழி என்று ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"சார், கெடார்லேர்ந்து விதைக்கரும்பு குடுத்துட்டாங்களா?"

"பதினோரு பேரு வாங்கிட்டுப் போயிருக்காங்க. நல்ல வரவேற்பு. கழனியில போர்டு வெச்சிட்டோம்."

பேனா தாளில் படவில்லை. அந்நேரம் வார்டுக்குள் லட்சுமியம்மாள் வந்தாள். கையில் சோகை உரிக்காத ஒரு முழுக் கரும்பு. செருப்பில் சேறு காயவில்லை.

"மலரு, உங்கம்மா இன்னான்னமோ சொல்றா. போர்டுல நீடாயுள்னு எழுதிக்கெடக்குது. நான் யாரு சொல்றத நம்பறது? வூட்டாண்ட சனம் விதைக்கு வந்து நிக்குது. நீயே சொல்லு."

"நான் சொல்றது வேணாம்மா. அந்தக் கரும்ப நடுவுல பொளந்து பாருங்க."

இயக்குநர் எழுந்தார். "அம்மா, இது ஆய்வுக்கூடத்துல முறைப்படி…"

லட்சுமியம்மாள் ஆப்பிள் கத்தியை எடுத்தாள். கணுவுக்குக் கணு கீறி, முனையிலிருந்து பாதிவரை பிளந்தாள். உள்ளே சதை செக்கச்செவேலென்று இருந்தது. சிவப்புக்கு நடுவே வெள்ளைத் திட்டுகள். புளித்த கள் வாடை வார்டு முழுக்கப் பரவியது. பக்கத்துக் கட்டில் நோயாளி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

லட்சுமியம்மாள் பிளந்த கரும்பைத் தூக்கிப் பிடித்தாள்.

"பதினோரு பேருக்குக் குடுத்துட்டேனே" என்றாள். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பினாள். "போர்டு நட்டது நீதான?"

"அம்மா, பெரும்பான்மை அடிப்படையில…"

முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்தது முதுகில். அவர் குனிந்து கட்டிலைச் சுற்றி ஓட, அவளும் சுற்றினாள். சோகை அவர் கன்னத்தையும் காதையும் கிழித்தது. குளுக்கோஸ் கம்பி சாய்ந்தது. செவிலியர் ஓடிவருவதற்குள் பதினைந்து இருபது அடி விழுந்திருக்கும். ஒவ்வொரு அடிக்கும் கரும்பிலிருந்து ஒரு துண்டு முறிந்து விழுந்தது. கடைசியில் அவள் கையில் ஒரு முழம்தான் மிஞ்சியது. மலர்விழி தடுக்கவில்லை. சகாயராஜும் தடுக்கவில்லை, அவர் கையில் இயக்குநரின் பை இருந்தது, அதைக் கீழே வைக்க அவருக்கு உத்தரவு இல்லை.

இயக்குநர் நேரே காவல் நிலையத்துக்குப் போனார். அங்கே நடந்ததைப் பிறகு சகாயராஜ்தான் மலர்விழியிடம் சொன்னார்.

உதவி ஆய்வாளர் அன்புச்செல்வி புகாரைப் படித்துவிட்டு, இயக்குநரை மேலும் கீழும் பார்த்தாராம். "சார், எட்டடிக் கரும்பால இருவது அடின்னு எழுதியிருக்கீங்க. நானும் கரும்பு வெட்டுற குடும்பம்தான். நல்ல கரும்பால நாலு வாங்குனாலே எலும்பு ஒடைஞ்சிருக்கும். உங்களுக்குக் கீறல்தான் இருக்குது. நாளைக்கு வக்கீல் கேப்பாரு, பொய்ப் புகாருன்னு தள்ளிடுவாங்க."

"பொய் இல்ல மேடம். அடிக்கும்போதே கரும்பு முறிஞ்சிடுச்சி."

"ஏன் முறிஞ்சிது?"

அறிவியல் கேள்வி கேட்டால் இயக்குநரால் சும்மா இருக்க முடியாது. தாளை வாங்கி, தன் கைப்படவே எழுதினார்: 'கெடார் லட்சுமியம்மாள் தன் கழனியில் விளைந்த, செவ்வழுகல் நோயினால் உட்புறம் முழுதும் அழுகி வலுவிழந்த கரும்பினால் என்னைக் கொடூரமாகத் தாக்கினார். நோயின் அறிகுறிகளான செந்நிறத்தையும் வெண்திட்டுகளையும் புளித்த வாடையையும் நானே நேரில் கண்டேன்.' கீழே கையெழுத்து. பெயர், பட்டங்கள், பதவி. பையிலிருந்து முத்திரையை எடுத்துக் கொடுத்தது சகாயராஜ்தான். இயக்குநர் பட்டென்று குத்தினார்.

லட்சுமியம்மாள் அன்று பிற்பகலே ஜாமீனில் வந்தாள். நான்கு ஏக்கரையும் கொளுத்தினாள். போர்டும் அதோடு போயிற்று. கரணை வாங்கிப்போன பதினோரு பேர் வீட்டுக்கும் சின்னபொண்ணும் அவளும் நடையாக நடந்து, நட்டதைத் தோண்டி எடுக்கச் சொன்னார்கள். ஒன்பது பேர் தோண்டினார்கள். இரண்டு பேர் லட்சுமியம்மாள் வீட்டு ஓடுகளைக் கல்லால் நொறுக்கிவிட்டு, பிறகு தோண்டினார்கள்.

மலர்விழி அந்த இரண்டு வரியில் கையெழுத்துப் போடவில்லை. இயக்குநரின் புகார் இணைந்த முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காவல் நிலையத்தில் முறைப்படி வாங்கினாள். ஒரு கையாலேயே ஆய்வேட்டை முடித்து, அந்த நகலைக் கடைசியில் இணைப்பாகச் சேர்த்து, பதிவு முடிய மூன்று நாள் இருக்கும்போது கொடுத்தாள். முத்திரை இருந்ததால் அலுவலகத்தில் யாரும் மறுக்கவில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு இயக்குநரே தலைமை வகித்தார், விதி அப்படி. கன்னத்தில் கீறலின் தழும்பு இன்னும் மறையவில்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து, முடிவுரைப் பக்கத்தில் நின்றார்.

"கெடார் இலையின் ஆயுள் ஒன்றே கால் நானோநொடி, ஆகவே பயிர் நோயுற்றது என்கிறீர்கள். கருவி உடைந்துவிட்டது, திரும்ப அளக்க வழியில்லை. பயிர் நோயுற்றிருந்ததை வேறு நிபுணர் யாராவது உறுதி செய்திருக்கிறார்களா?"

"இணைப்பு நான்கு சார்" என்றாள் மலர்விழி.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு தாளை இயக்குநர் பக்கம் நகர்த்தினார்.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

இல்லை என்றால் லட்சுமியம்மாள் மேல் வழக்கு நிற்காது. ஆமாம் என்றால் ஆய்வேடு நிற்கும். இயக்குநர் தோளை ஒருமுறை தடவிக்கொண்டார். கூடத்தில் விழுப்புரம் ஒரு பக்கமும் திண்டிவனம் ஒரு பக்கமும் உட்கார்ந்திருந்தன. இரண்டு பக்கமும் நாற்காலிகளை லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தன.

"என் கையெழுத்துதான்" என்றார் அவர். "முத்திரையும் என்னுடையதுதான்."

"அப்படியென்றால் எனக்கு வேறு கேள்வி இல்லை" என்றார் தேர்வாளர்.